விறகுக்கு வைத்த கெடு

ருமியானா எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில், அதை மூடும்வரை சமையல் செய்தவள். எந்தப் பிள்ளை பீன்ஸ் சூப்பைத் தொடாது, எந்தப் பிள்ளை ரொட்டியைச் சட்டைப்பையில் ஒளித்துக்கொண்டு போகும் என்பதெல்லாம் இன்றைக்குக் கேட்டாலும் சொல்வாள். விறகு லாரி வைத்திருக்கும் வென்ட்சியும் அவள் கையால் சாப்பிட்டு வளர்ந்தவன்தான். இரண்டாவது தட்டும் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிற பிள்ளையாக இருந்தானாம். எங்கள் ஊரான செர்வென் டோலில் விறகு விற்க அவனை விட்டால் வேறு ஆள் கிடையாது. வெளியூர் லாரிக்காரர்கள் எங்கள் மலைப்பாதையின் வளைவுகளை ஒருமுறை பார்த்தால் போதும், மறுமுறை கூப்பிட்டால் போனை எடுக்க மாட்டார்கள்.

அவள் கணவர் லோசன் ஈயச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். சுரங்கம் மூடிப் பல வருடங்கள் ஆகியும் அதன் தூசி அவர் மார்பை விட்டுப் போகவில்லை. கோடையில் எப்படியோ சமாளித்துக்கொள்வார், தோட்டத்து நாற்காலியில் உட்கார்ந்து தக்காளியோடு பேசிக்கொண்டிருப்பார். குளிர் வந்துவிட்டால் இரும்பு அடுப்பு இருக்கும் சமையலறைதான் அவருக்கு வீடு. கட்டிலையே அங்கே கொண்டுவந்து போட்டுவிடுவார்கள். நடக்கத்தான் முடியாது, வாய்க்கு ஒரு குறையும் இல்லை.

அந்த வருடம் செப்டம்பர் கடைசியில் வென்ட்சி லாரியைக் கொண்டுவந்து அவர்கள் முற்றத்தில் விறகைக் கொட்டினான். ரசீதும் எழுதிக் கொடுத்தான்: பத்து கன மீட்டர், பீச் மரம், காய்ந்தது.

"போன வருஷம் வெட்டினது அக்கா. தீக்குச்சியக் காட்டினாப் போதும், தானாப் பத்திக்கும்."

லோசன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "ஏன்டா வென்ட்சி, போன வருஷம் வெட்டினதுல எப்படிடா இலை இன்னும் பச்சையா ஒட்டிக்கிட்டிருக்கு?"

"அது வேற மரத்து இலை அண்ணே. ஏத்தறப்போ மேல விழுந்திருக்கும்."

"நல்லா விழுந்திருக்கு. வேர் விடாம இருந்தாச் சரி."

வென்ட்சி சிரித்தான். காபி குடித்தான். லோசனின் இருமலுக்குத் தேனில் ஊறப்போட்ட கருமுள்ளங்கி நல்லது என்று சொல்லிவிட்டுப் போனான். கெட்டவன் என்று அவனை யாரும் சொல்ல முடியாது. யார் வீட்டில் சாவு என்றாலும் சவப்பெட்டியை இலவசமாக ஏற்றிக்கொண்டு போவது அவன் லாரிதான்.

ருமியானா பக்கத்து வீட்டு டோன்காவைத் துணைக்கு வைத்துக்கொண்டு விறகைச் சுவரோரமாக அடுக்கினாள். கட்டைகளின் வெட்டுமுகம் கையில் ஈரமாக ஒட்டியது. அடுக்கி முடித்ததும் டேப்பை வைத்து அளந்தாள். ஏழு கூட இல்லை. தப்பாக அளந்துவிட்டோமோ என்று டோன்காவை ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி மறுபடி அளந்தாள். கொஞ்சம்கூடக் கூடவில்லை.

போனில் வென்ட்சி கோபப்படவில்லை. "என்னக்கா நீங்க. கொட்டினாப்ல அளந்தா ஒரு கணக்கு, அடுக்கி அளந்தா ஒரு கணக்கு. ஆனா உங்களுக்குக் குறைஞ்சா நான் விட்டுடுவேனா? அடுத்த வாரம் மேல காட்டுக்குப் போறேன். வரும்போது ஒரு நடை கொட்டிட்டுப் போறேன்."

அடுத்த வாரம் மழை. அதற்கடுத்த வாரம் லாரிக்குக் கிளட்ச் போய்விட்டது. அதற்கும் அடுத்த வாரம் மாமியாருக்கு உடம்பு சரியில்லை.

"எனக்கும்தான் குறைஞ்சுது," என்றாள் டோன்கா, வேலிக்கு அந்தப் பக்கமிருந்து. "ஊர்ல யாருக்குக் குறையல? அவன் கொண்டாந்து போடறதே பெருசு."

"அதுக்காக? காசு முழுசா வாங்கிக்கிட்டான்ல?"

"வாங்கிக்கிட்டான். நீ போய் யார்கிட்ட சொல்லுவ?"

யாரிடம் சொல்வது என்று ருமியானாவுக்குத் தெரிந்திருந்தது. நகராட்சி அலுவலகக் கதவில் ஒட்டியிருந்த அறிவிப்பை அவள் பார்த்திருந்தாள். நுகர்வோர் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து மாதம் ஒருமுறை ஒருவர் வந்து உட்காருவார், குறைகளைச் சொல்லலாம் என்று போட்டிருந்தது. அந்த மாதம் அவர் வரும் நாள் பெத்கா புனிதையின் திருநாளுக்கு மறுநாள்; அன்று காலை பஸ்ஸைப் பிடித்து அவள் நகரத்துக்குப் போனாள்.

வந்து உட்காருகிறவருக்கு நகராட்சியில் தனி அறை கிடையாது. கல்யாணம் பதிவு செய்யும் மண்டபத்தில், பிளாஸ்டிக் ரோஜாக்கள் கட்டிய வளைவுக்குக் கீழே ஒரு மேஜையைப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அங்கே கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தவள் கமேலியா. நாற்பது வயது இருக்கும். ஜலதோஷம் பிடித்து மூக்கு சிவந்திருந்தது. மண்டபத்தில் வேறு யாருமே இல்லாததைப் பார்த்தபோது ருமியானாவுக்கு வந்தது தப்போ என்று இருந்தது.

ஆனால் கமேலியா முழுதாகக் கேட்டாள். நடுவில் போன் அடித்தபோது எடுக்காமல் கவிழ்த்து வைத்தாள். ரசீதைப் பார்த்தாள். கடைசியில், "எவ்வளவு எரிச்சிருக்கீங்க?" என்று கேட்டாள்.

"இன்னும் எரிக்கவே இல்ல மேடம். இப்பதான் குளிர ஆரம்பிக்குது."

"ரொம்ப நல்லது. இனிமேலும் தொடாதீங்கம்மா. நான் வந்து அளக்கற வரைக்கும் அதுல ஒரு கட்டை குறையக் கூடாது. நீங்க பத்து கட்டை எரிச்சிருந்தாக்கூட, பாதியை எரிச்சிட்டுக் குறையுதுன்னு சொல்றாங்கன்னு அவர் சொல்லிடுவார். அப்புறம் நம்ம கையில ஒண்ணும் இருக்காது."

"எப்ப வருவீங்க?"

கமேலியா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "மூணு மாவட்டத்துக்கு நாங்க நாலு பேர். கார் ஒண்ணுதான். சீக்கிரம் வரப் பாக்கறேன்."

புகாரில் வென்ட்சியின் பெயர், முகவரி எல்லாம் எழுதி, அன்றைய தேதியிட்ட முத்திரையை ஓங்கிக் குத்தினாள். அந்தச் சத்தம் ருமியானாவுக்குத் தெம்பாக இருந்தது. திரும்பும் வழியில், பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவளிடம் கேட்காமலேயே எல்லாவற்றையும் சொன்னாள்.

நவம்பர் முதல் வாரத்தில் மலை மேல் பனி விழுந்தது. முற்றத்தில் ஒரு சுவர் நீளத்துக்கு விறகு இருந்தது, உள்ளே அடுப்பு காலியாக இருந்தது. ருமியானா முதலில் பழைய கோழிக்கூண்டைப் பிரித்து எரித்தாள். பிறகு வேலிக்கு வைத்திருந்த பலகைகள், வால்நட் ஓடுகள், உடைந்த திராட்சைப் பந்தல். இரவில் மின் கணப்பைப் போட்டார்கள். அதைப் போட்டால் விளக்கு மங்கும்; தண்ணீர் சுடவைக்க வேண்டுமென்றால் அதை நிறுத்த வேண்டும்.

"நாம சொந்த விறகுக்கே காவக்காரங்களாயிட்டோம்," என்றார் லோசன், இரண்டு ஸ்வெட்டருக்கு மேல் போர்வையையும் சுற்றிக்கொண்டு. "சம்பளம் மட்டும்தான் குடுக்கல."

"கொஞ்ச நாள்தான். அந்த அம்மா வந்துடுவாங்க."

"வரட்டும். என்னையும் அளந்துட்டுப் போகச் சொல்லு. எத்தனை கன மீட்டர் காத்து உள்ள போகுது, எத்தனை வெளிய வருதுன்னு பாக்கட்டும்."

கடைப்பக்கம் போனால் ஆண்கள் அவளைக் கிண்டல் செய்தார்கள். "ருமியானா, விறகு மியூசியத்துக்கு டிக்கெட் எவ்வளவு?" என்று கேட்டார்கள். அவள், "உனக்கு ஓசி. உன் கட்டைதான் அங்க இருக்கணும், வந்து படுத்துக்கோ," என்று திருப்பிக் கொடுத்துவிட்டு வருவாள். வீட்டுக்கு வந்ததும் அலுவலகத்துக்குப் போன் செய்வாள். கமேலியா ஒவ்வொரு முறையும் எடுத்தாள். கார் பழுதுபார்க்கும் கொட்டகையில் நின்றது. பிறகு கிறிஸ்துமஸ் சந்தைச் சோதனைக்கு எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள். பிறகு கணவாயைப் பனி மூடியது. எதுவும் பொய்யில்லை என்பது ருமியானாவுக்கும் தெரிந்தது. அதனால் கத்தவும் முடியவில்லை.

ஒருநாள் மத்தியானம் வென்ட்சி வந்தான். வாசலிலேயே தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"அக்கா, என் மேல புகார் குடுத்தீங்களாமே."

"குடுத்தேன்."

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமேக்கா."

"உன்கிட்டச் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு வென்ட்சி."

அவன் அடுப்பைப் பார்த்தான். அதன்மேல் பூனை படுத்திருந்தது. பூனை படுக்கிற அளவுக்கு ஆறிப்போன அடுப்பு. "இதென்னக்கா பைத்தியக்காரத்தனம்? அண்ணனுக்கு மார்ல சளி, வெளிய மலை மாதிரி விறகு. எரிங்கக்கா. புகார வாபஸ் வாங்கிக்கோங்க, பனி உருகினதும் மூணு மீட்டர் கொண்டாந்து போடறேன். என் பிள்ளைங்க மேல சத்தியம்."

அவள் லோசனைத் திரும்பிப் பார்த்தாள். சரி என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தாள். சொல்லிவிட்டால் தேவலை என்றும் இருந்தது.

லோசன் மூச்சை நிதானமாக இழுத்துக்கொண்டார். "பனி உருகின பிறகு விறகு எதுக்குடா? வெயிலுக்குக் குடை வேணும்னாலும் உன்கிட்டச் சொல்றேன்."

வென்ட்சி தொப்பியைப் போட்டுக்கொண்டான். போகும்போது, கதவைச் சாத்துமுன், "மேல காட்டு ஏலத்துல மரம் எடுக்க நான் யார் யாருக்கு லஞ்சம் குடுக்கறேன்னு உங்களுக்குத் தெரியாதுக்கா. அவங்க மேல யாரும் புகார் குடுக்க மாட்டாங்க," என்றான். குரலில் மிரட்டல் இல்லை, சலிப்புத்தான் இருந்தது.

கமேலியா டிசம்பர் நடுவில் வந்தாள். வனத்துறையிலிருந்து ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு, ஈரம் பார்க்கும் கருவியோடு வந்திருந்தாள். விறகின் மேல் படிந்த பனியைத் துடைப்பத்தால் தள்ளி, நீளம், அகலம், உயரம் எல்லாம் அளந்தார்கள். ருமியானா அளந்த அளவுதான் வந்தது. கருவியின் முள்ளைக் கட்டையில் குத்திய வனத்துறை ஆள், "இது இந்தக் கோடையில வெட்டினது," என்றார். கமேலியா அடுப்பையும், பிரித்துப்போட்ட கோழிக்கூண்டு இருந்த இடத்தையும் பார்த்தாள். ஒரு கட்டை கூடக் குறையவில்லை.

"நிஜமாவே எரிக்கலையாம்மா?"

"நீங்க சொன்னீங்களே மேடம்."

ருமியானா கொடுத்த லிண்டன் பூ டீயைக் குடிக்காமல் கையில் பிடித்தபடி கமேலியா நின்றாள். பிறகு, "இனி எரிச்சுக்கலாம். அளந்தாச்சு, படமும் எடுத்தாச்சு. அவரை வரச்சொல்லி குற்றப்பத்திரம் எழுதணும். அது மட்டும்தான் பாக்கி. அதுக்கு மூணு மாசம் கெடு இருக்கு," என்றாள். அளந்து பார்த்துத் தப்பு யாருடையது என்று தெரிந்த நாளிலிருந்து மூன்று மாதம் என்றுதான் அவர்கள் அலுவலகத்தில் எப்போதும் எண்ணுவார்கள்.

வென்ட்சியை முதல் தடவை கூப்பிட்டபோது முதுகுவலி என்று மருத்துவச் சான்றிதழ் அனுப்பினான். இரண்டாவது தடவையும் அதே முதுகு. மூன்றாவது தடவை, ஜனவரி கடைசியில், வந்து குற்றப்பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனான்.

ஈர விறகு எரியாது, வேகும். அடுப்புக்குள் சீறிக்கொண்டே இருக்கும், தண்ணீர் கசியும், புகைபோக்கியில் தார் பிடிக்கும். ருமியானா கட்டைகளை அடுப்பைச் சுற்றி நிறுத்தி உலர்த்திப் பார்த்தாள். சமையலறை முழுக்க அந்த ஆவியும் புகையும்தான். கதவைத் திறந்தால் குளிர், மூடினால் லோசனால் மூச்சு விட முடியவில்லை. பிப்ரவரியில் ஒரு காலை அவர் உதடு நீலமாகிவிட்டது. ஆம்புலன்ஸ் மலை ஏறி வர நேரமாகும் என்று டோன்காவின் மருமகன் தன் காரில் கொண்டுபோனான்.

மூன்று வாரம் கழித்து லோசன் திரும்பி வந்தபோது கூடவே பிராணவாயு தரும் பெட்டி ஒன்றும் வந்தது. நெருப்புக்குப் பக்கத்தில் அதை வைக்கக் கூடாது என்று மருத்துவமனையில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். அதனால் கட்டிலைச் சமையலறையிலிருந்து எடுத்துக் கடைசி அறையில் போட வேண்டியதாயிற்று. அங்கே அடுப்பு இல்லை.

"பாத்தியா, இப்ப விறகு பிரச்சினையே தீந்துபோச்சு," என்றார் லோசன். அவள் சிரிக்கவில்லை.

ஆனால் வசந்தத்தில் ஒரு நல்ல சேதி வந்தது. வென்ட்சிக்கு அபராதம் போட்டிருப்பதாக கமேலியா போன் செய்தாள். ஊரில் அதை யாரும் முதலில் நம்பவில்லை. பிறகு கடைப்பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் ருமியானாவுக்கு நாற்காலி நகர்த்திப் போட்டார்கள். வென்ட்சியின் லாரி எங்கள் தெருவைச் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தது. அபராதம் அரசாங்கத்துக்குத்தான் போகும், தனக்கு ஒன்றும் வராது என்று அவளுக்குத் தெரியும். அன்றைக்கு அவள் பாலாடைக்கட்டி வைத்து பானிட்சா சுட்டு டோன்கா வீட்டுக்கும் கொடுத்தனுப்பினாள்.

"கேட்டா நடக்குது பாத்தியா," என்றாள் டோன்காவிடம்.

"நடக்கும்னு நான் நினைக்கல," என்றாள் டோன்கா. "அடுத்த தடவை எனக்கும் எழுதிக்குடு."

வென்ட்சி நகரத்தில் ஒரு வக்கீலைப் பிடித்து, அபராதத்தை எதிர்த்து வழக்குப் போட்டான். ஜூன் மாதம் ருமியானாவைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். அவள் கல்யாணத்துக்குப் போகிற நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனாள். விறகு எவ்வளவு இருந்தது, எப்படி ஈரமாக இருந்தது, கூண்டை எரித்தது, லோசன் உதடு நீலமானது, எல்லாவற்றையும் பஸ்ஸில் வரிசையாக மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

வென்ட்சியின் வக்கீல் இளைஞர், மரியாதையாகப் பேசினார். விறகைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"புகாரை எப்ப குடுத்தீங்கம்மா? ஞாபகம் இருக்கா?"

"நல்லா ஞாபகம் இருக்கு. பெத்கா திருநாளுக்கு மறுநாள். எங்க ஊர்த் திருவிழா. அது முடிஞ்ச மறுநாள்தான் அந்த மாசம் மேடம் வந்து உக்கார்ற நாள்."

"அப்ப அக்டோபர் நடுவுல. அன்னிக்கே யார் வித்ததுன்னு சொல்லிட்டீங்களா?"

"சொல்லாம? பேர் சொன்னேன், வீட்டு முகவரி சொன்னேன். அவன் அம்மா பேரு கூடச் சொன்னேன்."

"எவ்வளவு குறையுதுன்னும் சொன்னீங்களா?"

"அளந்துட்டுத்தான போனேன். ரசீதையும் காட்டினேன்."

"நன்றிம்மா. வேற கேள்வி இல்லை."

அவள் நீதிபதியைப் பார்த்தாள். "இன்னும் நான் சொல்ல வேண்டியது இருக்கு ஐயா," என்றாள்.

"கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டீங்க. போதும்," என்றார் நீதிபதி, கனிவாகவே.

வெளியே தாழ்வாரத்தில் கமேலியா நின்றுகொண்டிருந்தாள். ருமியானா அவள் கையைப் பிடித்து, "நான் சரியாச் சொன்னேனா? ஒண்ணும் தடுமாறலையே?" என்று கேட்டாள்.

"சரியாத்தான் சொன்னீங்க," என்றாள் கமேலியா. அவள் முகம் வெளிறிப்போயிருந்தது. படபடப்பு போலிருக்கிறது என்று ருமியானா நினைத்துக்கொண்டாள்.

தீர்ப்பு வர இலையுதிர் காலம் ஆகிவிட்டது. போனில் சொல்லியிருக்கலாம். கமேலியா தன் சொந்தக் காரை எடுத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை மலையேறி வந்தாள். ருமியானா குடைமிளகாய் சுட்டுக்கொண்டிருந்தாள். கை முழுக்கக் கரி. துடைத்துக்கொண்டே, "வாங்க, வாங்க, ருசி பாத்துட்டுப் போங்க," என்றாள்.

கமேலியா உட்காரவில்லை. "அபராதம் ரத்தாயிடுச்சும்மா."

"ஏன்? விறகு சரியா இருந்ததுன்னா சொல்றாங்க?"

"இல்ல. விறகு சரின்னு யாரும் சொல்லல. குறைவா இருந்தது உண்மைதான்னு தீர்ப்புலயே இருக்கு. குற்றப்பத்திரம் எழுத மூணு மாசம் கெடுன்னு சொன்னேன்ல? நான் அளந்த நாள்லேர்ந்து நாங்க எண்ணினோம். கோர்ட், நீங்க புகார் குடுத்த நாள்லேர்ந்து எண்ணணும்னு சொல்லிடுச்சு. அன்னிக்கே ஆள் யாரு, தப்பு என்னன்னு அலுவலகத்துக்குத் தெரிஞ்சிடுச்சாம். அப்படிப் பாத்தா நாங்க சில நாள் தாண்டிட்டோம்."

ருமியானாவுக்குச் சட்டென்று பிடிபடவில்லை. கரித்துணியை மடித்தாள், விரித்தாள். "சில நாளா? அந்தச் சில நாள் அவன் முதுகுவலின்னு படுத்திருந்தானே."

"அதையும் சொன்னோம். கெடு நிக்காதாம்."

"பனி விழுந்து பாதை மூடியிருந்ததே."

"அதுக்கும் நிக்காது."

கடைசி அறையிலிருந்து லோசன் கூப்பிட்டார். இரண்டு பேரும் போனார்கள். பிராணவாயுப் பெட்டி மூலையில் முனகிக்கொண்டிருந்தது. அவர் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். "தயிர் டப்பாவுல போடற மாதிரி இதுக்கும் தேதி போட்டிருக்கானா?" என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "தப்பு கெட்டுப் போகலையாம். கேக்கற நாள் மட்டும் கெட்டுப் போச்சாம்."

"புதுசா எழுத முடியாதா?" ருமியானா கேட்டாள். "நான் இன்னொரு தடவை வந்து புகார் குடுக்கறேன். இன்னிக்கே குடுக்கறேன்."

"தப்பு நடந்த நாள்லேர்ந்து ஒரு வருஷம்தான் கணக்கு. விறகு வந்தது போன செப்டம்பர். அதுவும் முடிஞ்சுபோச்சு." கமேலியா தரையைப் பார்த்துச் சொன்னாள். "நீங்களே தனியா வழக்குப் போடலாம். ஆனா வக்கீலுக்குக் குடுக்கற பணத்துல ரெண்டு வருஷத்துக்கு விறகு வாங்கிடலாம்."

பிறகு ருமியானா கேட்டாள்:

"நான் ஒரு மாசம் கழிச்சு வந்து புகார் குடுத்திருந்தா?"

கமேலியா பதில் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவள் பொய் சொல்லத் தெரியாதவள்.

"ஜெயிச்சிருப்போம்," என்றாள்.

ருமியானா தலையாட்டினாள். கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். லோசனின் போர்வையைக் கால் பக்கம் இழுத்துச் சரிசெய்தாள். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது. "நான் முந்திக்கிட்டுப் போனது தப்பாப் போச்சு," என்றாள். "அந்த மாசமே போகணும்னு எனக்கென்ன அவசரம். கோர்ட்ல வேற கணீர்னு தேதியச் சொன்னேன்."

"உங்க தப்பு ஒண்ணுமே இல்லம்மா."

"கோழிக்கூண்டு வேற போச்சு."

கமேலியா அழுதுவிடுவாள் போலிருந்தது. அந்த மாதம் மட்டும் அவள் மேஜையில் இதுபோல ஏழெட்டு வழக்குகள் திரும்பி வந்திருந்தன. அளந்த நாளை வைத்து எண்ணியது எல்லாமே இனி விழுந்துவிடும் என்று வாசலில் டோன்காவிடம் சொன்னாளாம். ருமியானா ஒரு ஜாடியில் சுட்ட குடைமிளகாயை நிரப்பி அவளிடம் கொடுத்தாள். அலுவலக விதிப்படி வாங்கக் கூடாது என்று கமேலியா மறுத்தாள். "எல்லாம் முடிஞ்சுபோச்சே, இன்னும் என்ன விதி," என்று ருமியானா அதைக் காரின் முன் இருக்கையில் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

அப்புறம் விறகுக்கு ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. சமையலறை அடுப்பை எரித்து, கதவுகளைத் திறந்துவைத்தால்தான் கடைசி அறைக்குக் கொஞ்சமாவது சூடு போகும். அவள் கணவாய்க்கு அந்தப் பக்கத்து விற்பனையாளர்களுக்குப் போன் செய்தாள். ஒருவர் ஊர்ப் பெயரைக் கேட்டதும் சிரித்தார். இன்னொருவர் மூன்று வீடு சேர்ந்து எடுத்தால் வருகிறேன் என்றார். ருமியானா தெருவில் வீடு வீடாகக் கேட்டாள். எல்லோரும் ஏற்கெனவே வென்ட்சியிடம் முன்பணம் கொடுத்திருந்தார்கள். டோன்காவும்தான்.

"எனக்கு எழுதிக்குடுன்னு சொன்னியே," என்றாள் ருமியானா.

"சொன்னேன்," என்றாள் டோன்கா. "அப்ப அவனுக்கு அபராதம் விழுந்திருந்தது."

அக்டோபர் மழை தொடங்கிய பிறகு, வேறு வழியில்லாமல், ருமியானா வென்ட்சிக்குப் போன் செய்தாள். அவன் எதையும் எடுத்துப் பேசவில்லை. "எப்ப வேணும் அக்கா?" என்று மட்டும் கேட்டான். மறுநாள் காலையே வந்துவிட்டான். ஊரில் மற்றவர்கள் வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். அவளுக்கு முதலில் கொண்டுவந்தான். அதற்கு நன்றி சொல்வதா வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

கொட்டிவிட்டு, பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, லோசனைப் பார்க்கப் போனான். அந்தப் பெட்டியையும் குழாயையும் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டான். அவனுக்கு உண்மையிலேயே வருத்தம்தான், அது முகத்தில் தெரிந்தது.

"என் மேல கோபமா அண்ணே?"

லோசன் குழாயைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார். "கோபத்துக்கு மூச்சு வேணும்டா," என்றார்.

வென்ட்சி அங்கே நின்று சுவரில் மாட்டியிருந்த சுரங்கத்துக் குழுப் படத்தைப் பார்த்தான். அதில் அவன் அப்பாவும் இருந்தார். வெளியே வந்ததும் ருமியானாவிடம், "அளந்து பாத்துக்கோங்கக்கா. நானே கூட நிக்கறேன், அடுக்கி அளக்கலாம்," என்றான்.

விறகுக் குவியல் முற்றத்து நடுவில் கிடந்தது. அடுக்காமலேயே பத்து தேறாது என்று அவளுக்குத் தெரிந்தது. போன வருடத்தைவிடச் சற்றுப் பெரிதாக இருந்தது போலவும் இருந்தது; அது அவள் ஆசையாகவும் இருக்கலாம். அளந்து குறைந்தால் என்ன செய்வது என்று யோசித்தாள். இப்போதே புகார் சொன்னால் போன தடவை போல முந்தியதாகிவிடும். பிறகு சொன்னால் தாமதமாகிவிடும். எந்த நாளில் சொன்னால் சரி என்று அவளுக்குத் தெரியவில்லை, கமேலியாவுக்கும் தெரிந்திருக்காது.

"வேணாம் வென்ட்சி. நீ போ," என்றாள். "மத்தவங்க காத்துக்கிட்டிருப்பாங்க."

"காபி போடலையாக்கா?"

"போடறேன். உக்காரு."

அவன் காபி குடித்துவிட்டுப் போனதும் டோன்கா வேலியைத் தாண்டி வந்தாள். இருவரும் கட்டைகளைச் சுவரோரம் அடுக்க ஆரம்பித்தார்கள். பாதி அடுக்கும்போதே தூறல் வலுத்துவிட்டது. மீதிக் குவியலின் மேல் தார்ப்பாயைப் போட்டு நான்கு மூலையிலும் கல் வைத்தார்கள். உள்ளேயிருந்து லோசன் இருமுவது கேட்டது. ருமியானா ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, அவருக்கு மாத்திரை கொடுக்கும் நேரமாகிவிட்டது என்று உள்ளே போனாள்.